துரை துப்பிய வீடு

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று எங்கள் ஊர்க் கோயில் மணியின்மேலும், என் வாயில் மிச்சமிருக்கும் சொந்தப் பற்களின்மேலும் சத்தியம் செய்கிறேன். பொய்யென்றால் அவையும் உதிரட்டும். இவ்வளவு பெரிய சத்தியம் எதற்கென்றால், இது பீயைப் பற்றிய கதை. வேறு எதைச் சொன்னாலும் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நம்புவார்கள். இதைச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும்.

சங்குமுனை சின்ன ஊர். கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் மிக்கேல் சம்மனசு என்கிற வானதூதரின் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு கிணறு. அந்த வட்டாரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அது ஒன்றுதான். கோயிலைச் சுற்றி ஓடுவது சப்பர வீதி. திருவிழாவில் சம்மனசானவர் சப்பரத்தில் ஏறி உலா வருகிற பாதை அது. படகு முதலாளிகளின் மொசைக் போட்ட வீடுகள் எல்லாம் அந்த வீதியில்தான். என்னைப் போன்றவர்கள் கடல் பக்கம் மணலில் இருந்தோம்.

அப்போது ஒரு கம்பெனி வந்தது. ஊருக்குக் கழிவுநீர் நிலையம் கட்டித் தருகிறோம், வீட்டுக்கு வீடு கக்கூஸும் குழாயும் எங்கள் பொறுப்பு என்றது. ஊர்க் கமிட்டித் தலைவர் பாக்கியநாதன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சம்மனசானவர் போகிற பாதைக்கு அடியில் பீக்குழாய் போகக் கூடாது. கமிட்டி முழுக்க எழுந்து நின்று இதை ஆமோதித்தது. காண்டிராக்டர் நெஞ்சில் கை வைத்து, அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமி காரியத்தில் நாங்கள் விவரம் கேட்பதில்லை.

திறப்பு விழாவன்று நிலையத்தின் மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். கழுவாத ஆட்டுக்குடலை ஒரு குளத்தின் அளவுக்கு விரித்து, மேலே நெஞ்சுச்சளியைக் கொட்டி, அதை மெதுவாக மூச்சு விடச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நடுவில் ஓர் இடம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. கடற்காக்கைகள் அன்றிலிருந்து எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊர் வழியாகத்தான் பறந்தன. என் தங்கச்சி அமலோற்பவத்தின் புருஷன் சவரிமுத்து, கடலில் பிணம் தூக்கிய ஆள், எட்டிப் பார்த்த மாத்திரத்தில் காலையில் குடித்த பழங்கஞ்சியைத் தொட்டிக்குள்ளேயே கக்கிவிட்டான். அந்த வஸ்து கஞ்சியைத் தடவிப் பார்த்தது. பிறகு பருக்கை பருக்கையாக விளிம்புக்குத் தள்ளி வைத்தது. அப்போதே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும்.

நிலையத்துக்கு இஞ்சினீயராக வந்தவள் கார்குழலி என்கிற ஈரோட்டுப் பெண். எங்களுக்குப் புரியும்படி சொன்னாள்.

“இது மிஷின் இல்லீங்க, உசிரு. சாக்கடையைத் தின்னுட்டு நல்ல தண்ணியை விடும். கரண்டே வேண்டாமுங்க. ஒவ்வொரு வீட்டுக் குழாயும் அதோட வாய்க்குத் தனித்தனியா வருது. பிடிக்காததைத் திருப்பித் துப்பிரும்.”

“பிடிக்காததுன்னா?” என்று பாக்கியநாதன் கேட்டார்.

“இதை வளர்த்தது சென்னையில ஒரு பெரிய அடுக்குமாடியிலீங்க. அங்க இருந்தவங்க ஓட்ஸ், சீஸ், பழச்சாறுன்னு சாப்பிடறவங்க. பொறந்ததுல இருந்து அதையே தின்னு வளர்ந்துருச்சு. உங்க ஊரு ருசி பழக கொஞ்ச நாளாகும்.”

என் பின்னால் நின்ற ஒருவன், “அப்ப இது தொரை வீட்டுப் பிள்ளல்லா” என்றான். அன்றிலிருந்து அதற்குத் துரை என்றே பெயர்.

அதன் வாயிலிருந்து வந்த தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். பாக்கியநாதன் நற்கருணை வாங்குகிற முகத்தோடு கண்ணை மூடிக் குடித்தார். ஊர் கை தட்டியது. அவர் ஏப்பம் விட்டபோது முன்வரிசை மட்டும் தட்டுவதை நிறுத்தியது.

வீட்டு வாசல்தோறும் ஒரு விளக்கு மாட்டியிருந்தார்கள். துரை துப்பினால் சிவப்பு எரியும். இல்லாவிட்டால் பச்சை.

முதல் நாள் காலையில் என் வீட்டில் சிவப்பு எரிந்தது. எரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கக்கூஸுக்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அப்புறம் நேற்றுப் போனது எல்லாம், என் வீட்டில் உள்ள ஒவ்வொருவருடையதும் அடையாளம் தெரிகிற மாதிரி, பீங்கான் விளிம்பு வரை பொங்கி வந்து நின்றது. வெதுவெதுப்பாக. மேலே துரையின் எச்சில் நுரை கட்டியிருந்தது. ஒரு மனுஷன் கழித்துவிட்டதை இன்னொரு ஜீவன் வாயில் வைத்துப் பார்த்து, சீ என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. இதைவிட ஓர் அவமானத்தை நான் என் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

மணல் பக்கத்து வீடுகள் எல்லாம் சிவப்பு. சப்பர வீதி முழுக்கப் பச்சை.

இதற்குக் காரணம் தேடி யாரும் சிரமப்படவில்லை. அவிய சாப்பாடு அப்படி, அவிய வளர்ப்பு அப்படி என்றார்கள். பாக்கியநாதன் வாசலில் ‘துரை ஏற்ற இல்லம்’ என்று பித்தளைப் பலகை மாட்டினார். மறு ஞாயிற்றுக்கிழமைக்குள் வீதி முழுக்கப் பலகை. தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பார்த்தார்கள். பச்சை வீட்டுக்கு விருந்தாளி போனால் கக்கூஸ் பூட்டியிருந்தது. நம்முடையது கலந்து அவர்கள் விளக்குக் கெட்டுவிடுமாம்.

சிவப்பு வீடுகள் சும்மா இருந்தனவா? கருவாட்டை நாய்க்குப் போட்டுவிட்டு ஓட்ஸ் கஞ்சிக்கு மாறினோம். நண்டு பிடிக்கிறவன் பிள்ளை நண்டைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டது. துரை அதையும் துப்பினார். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே குமட்டுகிறது, ஆனாலும் சத்தியம் செய்துவிட்டேன். சில வீட்டுக்காரர்கள் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஓட்டலின் பின்வாசலில் ஆள் பிடித்து, அங்கே தங்குகிற பணக்காரர்களின் கழிவைப் பால் கேனில் வாங்கி வந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, சொந்தக் கக்கூஸில் ஊற்றினார்கள். அன்றைக்கு அந்த வீடுகளில் பச்சை எரிந்தது. வீட்டுக்காரர்கள் தங்களுடையதை ஒரு சாக்கில் கட்டிக் கடலில் போட்டார்கள். கேன் கொண்டுவருகிறவன் மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்வான். வாங்குகிறவன் மோந்து பார்த்து, இது நேற்றைய சரக்கு என்று பேரம் பேசுவான். என் கண்ணால் பார்த்தேன்.

திருவிழா வந்தது. கடைசி நாள் அசனம். ஊர் முழுக்க ஒரே அண்டாவில் சமைத்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த அண்டாவின் கறிக்குழம்பைக் கிண்டுவது அமலோற்பவம்தான். ஒருமுறை சவரிமுத்துவின் படகு புயலில் மாட்டி, இனி பிணம்கூட வராது என்று கோயிலில் துக்க மணியே அடித்துவிட்டார்கள். அவள் சம்மனசானவர் முன்னால் முழங்கால் போட்டு, இவரை உயிரோடு தந்தால் என் கை ஓயும் வரை அசனக் குழம்பு நான் கிண்டுவேன் என்று நேர்ந்துகொண்டாள். அவன் திரும்பி வந்தான். அவளைப் பொறுத்தவரை அந்தக் கரண்டிதான் அவனைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது.

கமிட்டி கூடி, துரை துப்பிய வீட்டுக் கை அசன அண்டாவில் படக் கூடாது என்று முடிவு செய்தது. தகவல் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு உள்ளே போய் வலைகளைச் சுருட்டிப் பூட்டினாள். நேர்ச்சை செய்கிற வரைக்கும் நீங்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். சவரிமுத்து அவளைவிடப் பயந்தவன். வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். அடுப்பும் உட்கார்ந்துவிட்டது.

பிறகு அவள் நேராகக் கமிட்டிக்கு வந்தாள். பங்குச்சாமியாரும் இருந்தார்.

“தலைவரே, எங்க வீட்டுப் பீயில என்ன கொறைன்னு எனக்குத் தெரியணும்” என்றாள்.

பாக்கியநாதன் கைக்குட்டையை எடுத்தார். “என்னம்மா, சாமியார் இருக்காவல்லா.”

“அவியளும் போவாவல்லா. நான் ஒண்ணும் பெருசா கேக்கல. நாளைக்கு ஒரு நாளு எங்க வீட்டாளுவ ஒங்க கக்கூஸுக்கு வாறோம். ஒங்க வீட்டாளுவ எங்க கக்கூஸுக்கு வாங்க. ஒங்கள்தைத் தொரை எங்க வீட்டுல வச்சும் திங்காரான்னு பாப்போம். தின்னுட்டா நான் கரண்டியத் தொடல.”

பாக்கியநாதன் மறுக்கப் பார்த்தார். சாமியார், இதில் பாவம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். அவர் வீடும் மணல் பக்கம்தான்.

மறுநாள் காலை தலைவரும் அவர் சம்சாரம் ஜெசிந்தாவும் பிள்ளைகளும் தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பாவோடு மணலில் வரிசையாக நடந்து போனதை ஊரே வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. எதிர்வரிசையில் சவரிமுத்து குடும்பம் வந்தது. நடுவழியில் இரண்டு வரிசையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் விலகிப் போயின. தலைவருக்கு இடம் புதிது என்பதால் நேரமானது. வெளியே நின்ற ஒருவன், “அண்ணாச்சி, சீக்கிரம்வே, தொரை பசியில கெடக்காரு” என்றான்.

முடிவு மறுநாள் விடியும்போதே தெரிந்தது. அமலோற்பவம் வீட்டில் சிவப்பு. தலைவர் குடும்பத்துடையது அப்படியே திரும்பி வந்து மிதந்தது. தலைவர் வீட்டில் பச்சை.

இதைப் பார்த்தாவது புத்தி வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. கமிட்டி கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, ஆள் முக்கியமில்லை, மனைதான் முக்கியம் என்று கண்டுபிடித்தது. சப்பர வீதி மண்ணுக்கு அப்படி ஒரு ராசி. சம்மனசானவர் நடக்கிற மண். அங்கே யார் போனாலும் துரை ஏற்றுக்கொள்வார். பாக்கியநாதன் தன் வீட்டுப் பீங்கானுக்கு ஒரு மல்லிகைச் சரம் போட்டார்.

அமலோற்பவம் அவர் வீட்டுக்குள் நடந்து போனாள். மல்லிகைச் சரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். கொண்டு போயிருந்த சாக்கை மடித்துப் பீங்கானில் அடைத்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, மேலே உட்கார்ந்துவிட்டாள். இங்கிருந்து இனி ஒரு சொட்டுப் போகாது, என்ன எரிகிறது என்று பார்ப்போம் என்றாள். ஜெசிந்தா அழுதாள், பிள்ளைகள் அடுத்த வீட்டுக்கு ஓடின. அவள் அன்று முழுக்க அசையவில்லை. அங்கேயே ஜெபமாலை சொன்னாள்.

அசனத்தன்று காலை வந்தது. விளக்கில் பச்சைதான் எரிந்தது.

“ஒண்ணுமே போவாததையும் தொரை ஏத்துக்கிடுதாரு” என்று வாசலுக்கு வந்து சொன்னாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் சவரிமுத்துவிடம் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

அவன் கக்கூஸுக்குப் பின்புறம் தோண்டினான். குழாய் நன்றாகத்தான் கிளம்பியிருந்தது. மதில் வரைக்கும் போனது. சப்பர வீதி தொடங்குகிற இடத்தில், சம்மனசானவருக்கு மரியாதையாக, நின்றுவிட்டது. காண்டிராக்டர் பார்த்துக்கொண்ட லட்சணம் அதுதான். குழாயின் வாய் திறந்தபடி மணலுக்குள் கிடந்தது. அதற்கப்பால் மணல் மணலாக இல்லை. கறுத்து, கொழகொழத்து, தொட்டால் நடுங்குகிற பதத்தில் இருந்தது. சவரிமுத்து அதன் போக்கிலேயே தோண்டினான். அடுத்த வீட்டிலிருந்தும் அப்படியே ஒரு கறுப்பு வந்து சேர்ந்தது, அதற்கடுத்த வீட்டிலிருந்தும். எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் போயின. நாங்கள் கூட்டமாக அவன் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தோம். மண்வெட்டி கடைசியில் ‘டங்’ என்று ஒரு கருங்கல்லில் இடித்தது.

அது கிணற்றின் உறைக்கல்.

எல்லோரும் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தோம் என்று யோசித்தோம். நான் அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தேன். கொஞ்ச நாளாகக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வழவழப்பும் லேசான இனிப்பும் சேர்ந்திருப்பதை ஊரே கவனித்திருந்தது. திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். புனிதம் கூடியிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். முதலில் கமிட்டிப் பொருளாளர் குனிந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு வீதி முழுக்க, பந்தியில் உட்கார்ந்த மாதிரி, வரிசையாகக் குந்தி வாந்தி எடுத்தோம். சாமியார் அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு பாக்கியநாதன், கூட்டத்தில் நின்ற கார்குழலியைப் பிடித்தார். “பச்ச எரிஞ்சுதே, அது என்ன?”

“பச்சைன்னா துப்பலைன்னு அர்த்தமுங்க. தின்னுச்சுன்னு அர்த்தமில்லீங்க.”

“இத முன்னமே சொல்லியிருக்கப்படாதா?”

“சொல்ல வந்தேனுங்க. அதுக்குள்ள நீங்க பலகை மாட்டிட்டீங்க.”

“அப்ப இத்தன நாளும் தொரை எதைத் தின்னாரு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சென்னையில அதே அடுக்குமாடியில இருந்து டேங்கர் வருதுங்க. மருந்துன்னு எழுதியிருக்கும். உங்க ஊருதுல ஒரு வாய்கூட அது தின்னதில்லீங்க. அன்னைக்கு நீங்க குடிச்சீங்களே, அதுவும் அவங்களோடதுதான்.”

பாக்கியநாதன் மறுபடி குனிந்தார்.

இனி நிலையத்தை மூடுவார்கள், கிணற்றைத் தூர்வாருவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கமிட்டி அங்கேயே, வாந்திக்கு நடுவில் நின்றபடியே கூடியது. வெளியே தெரிந்தால் ஊர் மானம் போய்விடும். சப்பர வீதிக் குழாய்களை இப்போது துரையோடு இணைத்தால் தலைவர் வீட்டிலும் சிவப்பு எரியும். அது நடக்காது. அதற்குப் பதிலாக, மணல் பக்கத்துக் குழாய்களையும் வெட்டிவிட்டால் என்ன? ஒருவர் வீட்டிலும் துரை துப்பமாட்டார். ஊரே பச்சையாகிவிடும். கலெக்டர் ஆபீசில் முழுப் பச்சை கிராமத்துக்கு விருதுகூட இருக்கிறதாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போயிற்று. இதைச் சொல்லும்போது பாக்கியநாதனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

அமலோற்பவத்தைப் பார்த்து, “ஒன் பைப்பையும் வெட்டிருவோம்மா. ஒன் வீட்டுலயும் பச்ச எரியும். போ, போயிக் கரண்டியப் பிடி. குழம்பு அடிப்பிடிக்கப் போவுது” என்றார்.

கோயில் மைதானத்தில் அண்டா விடியற்காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர்தான். அவள் கரண்டியை எடுத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்; சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தீர்ப்புக் கேட்க வந்தவன் போல நின்றான். அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். குழம்பின் மேலே எண்ணெயோடு ஒரு சாம்பல் நிற ஆடை திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரர உசுரோட குடுத்த சாமிக்கு இதையாய்யா கிண்டிப் போடச் சொல்லுதீய?” என்றாள்.

கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு புருஷனின் பக்கத்தில் வந்து, “நேர்ச்சைய முறிச்சுட்டேன். என்ன வந்தாலும் என்னைத் திட்டாதீய” என்றாள்.

சவரிமுத்து வலை அறையின் சாவியை அவள் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு போனான். படகைத் தள்ளினான். அடுத்த ஊர்த் துறையில் காலி டீசல் கேன்களைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் திரும்பிவிட்டான். வருகிற வரைக்கும் அவள் அலை ஓரத்திலேயே நின்றாள். சிவப்பு விளக்கு எரிகிற தன் வீட்டு வாசலில் மூன்று கல்லைப் போட்டு, வீட்டில் இருந்த பானையை ஏற்றி, நாய்க்குப் போட்டது போக எஞ்சியிருந்த சாளைக் கருவாட்டில் ஒரு குழம்பு வைத்தாள்.

மைதானத்தில் அசனப் பந்தி போட்டு இலை விரித்திருந்தது. சாமியார் ஜெபம் சொன்னார். யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவன் இலையைச் சுருட்டிக்கொண்டு மணல் பக்கம் நடந்தான். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஊர். அவள் வாசலில் வரிசை நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜெசிந்தா மட்டும் பின்பக்கமாக வந்து தட்டை முந்தானைக்குள் மறைத்து நீட்டினாள். அமலோற்பவம் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு துளிதான் கிடைத்தது, நக்கித் தின்றோம்.

தின்று முடித்து, அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே கையைக் கழுவிக்கொண்டு, மணல் பக்கத்து ஆட்கள் எல்லோரும் நேராகப் பாக்கியநாதன் வீட்டுக்குப் போய், எங்கள் குழாயை முதலில் வெட்டுங்கள் என்று முண்டியடித்து நின்றோம். விருதுக்காரர்கள் வந்தபோது ஊரில் ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் எரிந்தது. அமலோற்பவம் தன் குழாயை வெட்ட விடவில்லை. துரை துப்புவதை அவளே அள்ளிக்கொண்டு போய், வீட்டுக்கு எட்டத்தில் மணலில் ஒரு குழி வெட்டி, சாம்பல் போட்டு மூடினாள். விருதுக்காரர்கள் பார்க்காமலிருக்க அந்த விளக்கின்மேல் கமிட்டி ஒரு கோணிச்சாக்கைக் கட்டியது. அவர்களுக்குக் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தோம். ருசியாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது தம்ளர் கேட்டார்கள்.

இன்றைய தேதிவரை சங்குமுனையில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கட்டியதே கிடையாது. நாங்கள் எல்லோரும் கடற்கரைக்குத்தான் போகிறோம். என் பற்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.